மாண்டிவிடியோவை யார் சொன்னது?

பெஞ்சு ஒன்றுதான். காத்திருந்தவர்கள் பன்னிரண்டு பேர். பெண்கள் நான்கு பேரும் உட்கார்ந்துகொண்டோம், ஆண்கள் சுவரோரமாக நின்றார்கள். பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் இரண்டாவது மாடி வராந்தா அது. உள்ளேயிருந்து மிளகு வாசனையும் பதனிட்ட தோலின் வாசனையும் கலந்து வந்தன. மிளகுக்குத் தும்மல் வந்தது, தோலுக்குக் குமட்டல் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, மடியிலிருந்த துணிப்பையை இரு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த இளைஞர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினார்.

"ஏம்மா, தமிழ்தானே? நான் ஆறுமுகம். தாராவியிலேருந்து வாரேன். இங்க டெஸ்ட்டுல வெளிநாட்டு ஊர்ப் பேரா அடுக்குவாகளாம்லா. ஒங்ககிட்ட ஏதாச்சும் எழுதி வச்சிருந்தீயன்னா, ஒரு தடவ பாத்துட்டுத் தந்திருதேன்."

"இல்லையே. எங்கிட்ட ஒண்ணும் இல்லையே" என்றேன்.

சொன்னபோது என் கை பையை இன்னும் இறுக்கிப் பிடித்ததை அவர் பார்த்தார். பையில் என்ன இருந்தது என்று வாசகர்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. அதில் ஒன்பது தலைநகரங்கள் இருந்தன.

இரண்டு நல்ல ஊர்கள்

நான் அப்படியொன்றும் கஞ்சப் பிறவி இல்லை. காபிப்பொடி இரவல் கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டும். அதற்குக் காரணம் இருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒரு மழைக்காலம் போயிருக்கும். அப்பா ரயில்வே பார்சல் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றால் மாதுங்காவில் எங்களுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் எங்கே போவது? பாலக்காட்டுக்குத்தான். ரயில்வேக்காரருக்கு ஊர் திரும்பக் கடைசியாக ஒரு பாஸ் தருவார்கள். அந்தப் பாஸில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பெயர்கள் எழுதியாகிவிட்டது.

"வேலை கெடைச்சா பம்பாய், கெடைக்காட்டா பாலக்காடு. ரெண்டும் நல்ல ஊர்தான், மனசிலாச்சா?" என்றார் அப்பா. அவர் எப்போதும் இப்படித்தான், ரயில் அட்டவணை படிப்பது போலப் பேசுவார். வேலை கிடைத்தால் நான் செம்பூரில் சித்தி வீட்டில் தங்கிக்கொள்ளலாம். அன்றைக்குச் செம்பூர் என்றால் பாதி காலி நிலம், பாதி கொசு. எனக்கு அதுவே சொர்க்கமாகத் தெரிந்தது.

பாலக்காட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. லீவுக்குப் போக நல்ல இடம். ஆனால் அங்கே நான் வாசலைத் தாண்டினால், தெரு முனைக்குப் போவதற்குள் ஏழு பேர் "எங்கே போறே?" என்று கேட்பார்கள். ஏழு பேருக்கும் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால், அதே ஏழு பேர் "எங்கே போய்ட்டு வரே?" என்பார்கள். பம்பாயில் நான் மாதுங்கா ஸ்டேஷனில் ஏறி, வி.டி.யில் இறங்கி, கடற்கரை வரை நடந்து, கடலை தின்றுவிட்டு வந்தாலும் ஒரு ஈ காக்காய் கேட்காது. அந்த யாரும் கேட்காத சுகத்தை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே இல்லை.

(போன வாரம் இதே பக்கத்தில் ரேஷன் அரிசியைத் திட்டி எழுதியிருந்தேன். "அம்மணி, எங்கள் வீட்டில் அந்த அரிசியிலேயே இட்லி பஞ்சாக வந்ததே" என்று ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். அவர் வீட்டு இட்லி நீடூழி வாழ்க. எங்கள் வீட்டில் வரவில்லை.)

மாதுங்காவின் பொதுச் சொத்து

அந்தக் கம்பெனியின் மானேஜர் ஒரு பார்ஸிக்காரர். வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் வைக்கும் பரீட்சை வருஷக்கணக்காக ஒன்றேதான். உலகத்தில் ஒன்பது தலைநகரங்களிலிருந்த தன் ஏஜெண்டுகளுக்கு எப்போதோ எழுதிய ஒரு சுற்றறிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடமாகச் சொல்வார். நாம் சுருக்கெழுத்தில் எடுத்து, டைப் அடித்துக் கொடுக்க வேண்டும்.

அந்த நாளில் மாதுங்காவில் வீட்டுக்கு ஒரு ஸ்டெனோ இருந்தார். இரண்டு பேர் இருந்த வீடுகளும் உண்டு. அந்தப் பரீட்சைக்குப் போய் வந்தவர்களில் ஒருவர் முதல் பத்தியை நினைவு வைத்துக்கொண்டு வந்தார், அடுத்தவர் நடுப்பத்தியைக் கொண்டுவந்தார், மூன்றாமவர் "இப்படிக்கு" வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார். இப்படிக் கூட்டுறவு முறையில் முழுக் கடிதமும் உருவாகி, கார்பன் வைத்து அடிக்கப்பட்டு, வீட்டுக்கு வீடு சுற்றிக்கொண்டிருந்தது. பரீட்சைக்குப் போகும் அண்ணாவோ அத்தை பெண்ணோ இருக்கிற வீட்டுக்கு ஒரு பிரதி போய்ச் சேரும். அதில் தப்பு இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. பரீட்சைக்கு முன்னால் படிப்பதுதானே பரீட்சை!

எனக்கு அந்தத் தாளைக் கொண்டுவந்து தந்தவள் கமலம். எங்கள் அடுத்த பிளாக், என் வயது, ஏற்கெனவே வேறொரு ஆபீஸில் டைப்பிஸ்ட்.

"பாத்துப் படி. அஞ்சாவது கார்பன். கண்ணுக்கு வெளக்கெண்ணெய் விட்டுண்டு படிக்கணும்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை.

வயிறு அடைத்த எழுத்துகள்

டைப் அடித்துப் பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐந்தாவது கார்பன் பிரதியில் எழுத்துகள் மங்கலாகத் தடித்து விழும். வயிறு உள்ள எழுத்துகளுக்கு வயிறு அடைத்துப் போகும். ஆங்கிலத்தில் உயிரெழுத்துகள் ஐந்து: ஏ, ஈ, ஐ, ஓ, யூ. இதில் ஐயும் யூவும் வயிறு இல்லாத ஒல்லிகள், தப்பித்துவிடும். மற்ற மூன்றும், அதாவது ஏ, ஈ, ஓ, ஒரே கறுப்புப் பொட்டாகிவிடும். சாதாரண வார்த்தை என்றால் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். கண்டிராத ஊரின் பெயரை என்ன செய்வது?

ஹவானா இருந்த இடத்தில் மூன்று பொட்டுகள் இருந்தன. கமலம் அதை "ஹொவொனோ" என்று படித்தாள். எனக்கு அது "ஹெவெனே" என்று பட்டது. மாண்டிவிடியோவில் நாலு பொட்டும் நடுவில் ஒரு ஐயும் இருந்தன.

சுருக்கெழுத்தும் கைகொடுக்காது. சுருக்கெழுத்தில் மெய்யெழுத்துக்குக் கோடு, உயிரெழுத்துக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளி அல்லது கீற்று. வேகம் வந்தவர்கள் கோடுகளை மட்டும் இழுத்துவிட்டுப் புள்ளிகளை விட்டுவிடுவார்கள். நான் நல்ல வேகம். அதாவது, மெய்யை வைத்துக்கொண்டு உயிரை விடுவதில் தேர்ந்தவள். எனவே டைப் அடிக்கும்போது எந்த உயிர் எங்கே என்று தலையில்தான் இருக்க வேண்டும்.

அப்பாவிடம் ஓர் அட்லஸ் இருந்தது. அவர் பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கியது. முதல் யுத்தத்துக்கும் முற்பட்டது. அதில் நார்வேக்குத் தலைநகரம் கிறிஸ்டியானியா! ஆஸ்லோ என்ற ஊரே இல்லை. துருக்கிக்குக் கான்ஸ்டான்டிநோபிள் என்று அகலமாகப் போட்டிருந்தது, அங்காராவைக் காணோம். டெஹ்ரானின் ஸ்பெல்லிங்கில் ஓர் ஈ அதிகமாக இருந்தது.

"அட்லஸ் தப்பில்லை. ஊர்கள்தான் மாறிடுத்து" என்றார் அப்பா. தன் பொருளை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது அவருக்கு.

யுத்தகாலத்தில் அவர் பத்திரிகையில் வந்த வரைபடங்களை எல்லாம் நறுக்கி, சோற்றுப் பருக்கையால் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தார். ஐரோப்பாவின் மேல் புகை படிந்து, மத்தியதரைக் கடலில் ரசம் தெறித்திருந்தது. தலைநகரங்கள் அப்போது நின்ற இடத்தில் நிற்கவில்லை. பிரெஞ்சு சர்க்கார் பாரிஸை விட்டு ஒரு சின்ன ஊருக்குப் போயிற்று, சீனாவின் சர்க்கார் மலைப்பக்கம் ஏறிற்று. அப்பா ஒவ்வொரு முறையும் பென்சிலால் பழைய ஊரை அடித்து, புதிய ஊரில் ஒரு வட்டம் போடுவார். அந்தச் சுவரிலிருந்துதான் ஆஸ்லோவையும் அங்காராவையும் எடுத்து எழுதிக்கொண்டோம்.

ஐந்தும் ஆஜர்

ஒன்பது பெயர்களும் சரியாகக் கிடைத்ததும், அவற்றை மறக்காமலிருக்க நானும் கமலமும் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தோம். மெய்யை எல்லாம் தள்ளிவிட்டு உயிரை மட்டும் சொல்ல வேண்டும். மற்றவள் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"ஏ ஏ ஏ!" என்பாள் கமலம்.

"அங்காரா!"

"இல்லை, ஹவானா."

இதில் எப்போதும் சண்டை வரும், ஏனென்றால் இரண்டுக்குமே மூன்று ஏ. கடைசியில் இரண்டையும் இரட்டைப் பிள்ளைகள் என்று தீர்மானித்து, எதைச் சொன்னாலும் ஒப்புக்கொண்டோம். ஏதென்ஸும் டெஹ்ரானும் சம்பந்திகள். முன்னதில் ஏ வந்து ஈ வரும், பின்னதில் ஈ வந்து ஏ வரும், ஒருவருக்கொருவர் முதல் மரியாதையில் விட்டுக்கொடுப்பதில்லை. கெய்ரோ ஒழுங்கான பிள்ளை. ஏ, ஐ, ஓ என்று அகரவரிசை தவறாமல் நிற்கும். ஆஸ்லோவுக்கு முன்னால் ஓர் ஓ, பின்னால் ஓர் ஓ. லிஸ்பனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, அது சாது. போனஸ் அயர்ஸில்தான் ஐந்து உயிரும் ஆஜர், அதில் ஈ மட்டும் இரண்டு தடவை கையெழுத்துப் போடும்.

எனக்குப் பிடித்தது மாண்டிவிடியோ. ஓ, ஈ, ஐ, ஈ, ஓ. முன்னாலிருந்து சொன்னாலும் பின்னாலிருந்து சொன்னாலும் ஒன்றே. ஆட்டுக்கல்லில் மாவாட்டும்போது அதைப் பாட்டாகவே பாடுவேன். குழவி ஒரு சுற்று சுற்றி வரவும் ஓ-ஈ-ஐ-ஈ-ஓ முடியவும் சரியாக இருக்கும்.

"என்னடி இது, மாட்டை ஓட்டறாப்பலே?" என்பாள் அம்மா.

"தலைநகரம், அம்மா."

"நன்னாருக்கு! அந்த ஊர்க்காராள் கேட்டா என்ன நெனைச்சுப்பா?"

பரீட்சைக்கு முதல் நாள், கமலம் சொல்லச் சொல்ல, அப்பாவின் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கடிதத்தைப் பதினாறு தடவை எழுதினேன். பதினாறாவது தடவை கமலம் வெற்றிலை போடுவதற்காக நடுவில் சொல்வதை நிறுத்தினாள். நான் நிறுத்தவில்லை. என் பென்சில் அதுபாட்டுக்கு ஓடி, கையெழுத்து வரைக்கும் போய் நின்றது. "சபாஷ்!" என்றாள் கமலம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கண்ணை மூடிய மானேஜர்

எங்கள் பன்னிரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு நீளமான மேஜையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். ஆறுமுகம் எனக்கு எதிரே. நான் அவரைப் பார்க்காமல் பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மானேஜர் வந்தார். வெள்ளை மீசை, கறுப்புக் கோட்டு, மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு. வந்து உட்கார்ந்து, கண்களை மூடிக்கொண்டு, வலது காலால் தாளம் போட்டபடி ஆரம்பித்தார். தாளில் இருந்தபடியே, ஒரு கமா பிசகாமல். சுற்றிலும் பென்சில்கள் ஓடுகிற சத்தம். மாதுங்கா முகங்கள் எல்லாம் தெளிவாக இருந்தன. ஆறுமுகம் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு பேராகக் காதில் வாங்கி வாங்கி எழுதினார்.

"நமது பிரதிநிதிகள் உள்ள கெய்ரோ, அங்காரா, டெஹ்ரான், ஏதென்ஸ், ஆஸ்லோ, லிஸ்பன்..."

அப்போது பக்கத்து அறையில் டெலிபோன் மணி அடித்தது. பியூன் ஓடிவந்து ஏதோ காதில் சொன்னான். மானேஜர் எழுந்தார்.

"இது போதும். டைப் செய்து வையுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னதும் போனதும் எனக்குத் தெரியும். காதில் விழுந்தது, கண்ணில் பட்டது. ஆனால் கைக்குத் தெரியவில்லை. அது ஹவானா, மாண்டிவிடியோ, போனஸ் அயர்ஸ் என்று இழுத்து, கடைசிப் பத்தியையும் எழுதி, "இப்படிக்கு"வும் போட்டது. பிறகு மெஷினில் உட்கார்ந்து மொத்தத்தையும் அடித்தேன். ஓர் உயிர் பிசகவில்லை. மாண்டிவிடியோ அடிக்கும்போது உள்ளுக்குள் ஓ-ஈ-ஐ-ஈ-ஓ பாடியதுகூட நினைவிருக்கிறது. எல்லோருக்கும் முன்னால் முடித்து, முதல் ஆளாகத் தாளை மேஜையில் வைத்தேன்.

பாலக்காடு பாஸிலிருந்து என் பெயரை அடித்துவிடச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அரே பாபா!"

மானேஜர் திரும்பி வந்து, மேலாக இருந்த என் தாளை எடுத்தார். தலையை ஆட்டி ஆட்டிப் படித்தார். பாதியில் ஆட்டம் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"யார் இது, விசாலாட்சி?"

எழுந்து நின்றேன்.

"நான் ஹவானாவுக்கு எப்போது போனேன்?"

எனக்குப் புரியவில்லை. பாராட்டுகிறாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"நீங்கள் சொன்னீர்கள், ஸார்" என்றேன்.

"அப்படியா? எங்கே, உன் நோட்டைப் படி."

படித்தேன். கெய்ரோவிலிருந்து போனஸ் அயர்ஸ் வரை, கடைசிப் பத்தி உள்பட, கணீரென்று படித்தேன். "இப்படிக்கு" என்று படித்துவிட்டு நிமிர்ந்தேன். லிஸ்பனுக்குப் பிறகு டெலிபோன் அடித்தது அப்போதுதான் என் மூளைக்கு எட்டியது.

அவர் அடுத்த தாளை எடுத்தார். ஹவானா, மாண்டிவிடியோ, போனஸ் அயர்ஸ். அடுத்தது. ஹவானா, மாண்டிவிடியோ, போனஸ் அயர்ஸ். ஐந்தாவது தாளில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அரே பாபா! நான் டெலிபோனில் மிளகு விலை பேசிக்கொண்டிருந்தேன். மாண்டிவிடியோவை யார் சொன்னது?"

பதினோரு பேர் தரையைப் பார்த்தோம். கடைசித் தாள் ஆறுமுகத்தினுடையது. அதில் லிஸ்பன், பக்கத்தில் ஒரு கமா, அதற்கப்புறம் வெறும் வெள்ளை. மானேஜர் அந்தத் தாளை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

"இந்த அறையில் என் வாயைக் கேட்டு எழுதியவர் ஒருவர்தான்" என்றார். "மிஸ்டர் ஆறுமுகம் இருக்கட்டும். மற்றவர்களுக்கு வந்தனம்."

மாடிப்படியில்

மற்ற பத்துப் பேரும் படியிறங்கிப் போய்விட்டார்கள். நான் மட்டும் பின்தங்கினேன். முதல் மாடித் திருப்பத்தில் நின்றுகொண்டு, அழுதால் முகம் வீங்கும், வீங்கினால் ரயிலில் எல்லோரும் பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆறுமுகம் ஏதோ ஃபாரத்தைப் பூர்த்தி செய்துவிட்டு இறங்கி வந்தார். என்னைப் பார்த்து நின்றார்.

"நான் பொய் சொன்னேன்" என்றேன். "நீங்க கேட்டப்போ அந்தப் பேப்பர் எங்கிட்ட இருந்தது. வேணும்னே தரலை."

"தெரியும். பைய அப்படிப் புடிச்சீயள்லா" என்றார். பிறகு சிரித்தார். "தந்திருந்தீயன்னா நானும் அந்த மூணு ஊரையும் அடிச்சு வச்சிருப்பேன். நீங்க தராம இருந்ததுக்கு இப்ப நான் கோவப்படவா, கும்பிடுபோடவா? சொல்லுங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. பாஸில் மூன்று பெயர் இருப்பதையும், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு மறு ஞாயிறு மெட்ராஸ் மெயில் என்பதையும், முன்பின் தெரியாத அவரிடம் அந்தப் படியில் நின்று கொட்டினேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அந்தாளு நல்ல மனுசனாத் தெரியுது. மேல போயி நெசத்தச் சொல்லிப் பாருங்க. போனா என்ன, இல்லன்னு சொல்லுவாரு. அவ்வளவுதானே?"

மேலே போனேன். மானேஜரிடம், இத்தனை வருஷமாக அவர் ஒரே கடிதத்தைச் சொல்லி வருவதையும், அது ஐந்தாவது கார்பன் வரை போயிருப்பதையும் சொன்னேன். யார் யார் வீட்டுக்குப் போயிற்று என்று மட்டும் சொல்லவில்லை. மனிதர் ஆடிப்போய்விட்டார். தன் பரீட்சையைப் பம்பாயிலேயே கடினமான பரீட்சை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்!

"எனக்குத் தெரியாத கடிதம் எதையாவது சொல்லிப் பாருங்கள், ஸார்" என்றேன்.

"ஒரு டைப்பிஸ்ட் லீவில் போயிருக்கிறார். திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரம் வா. சனிக்கிழமை சொல்கிறேன்" என்றார்.

சனிக்கிழமை

அந்த ஆறு நாளும் நான் ஆபீஸில் மூச்சு விட்டதாகவே நினைவில்லை. சின்னக் கடிதங்கள், விலைப்பட்டியல், மறுபடி சின்னக் கடிதங்கள். வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஆட்டுக்கல்லைக் கமலம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை மானேஜர் என்னையும் ஆறுமுகத்தையும் சேர்த்துக் கூப்பிட்டார். புதிய சுற்றறிக்கை. ஆளுக்கொரு பிரதி எடுத்து அடிக்க வேண்டும். இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை, கையில் தாள் வைத்துக்கொண்டு வேகமாகப் படித்தார். நான் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதினேன். கேட்டதை மட்டும் எழுதினேன். சரியாகவே போய்க்கொண்டிருந்தது.

மெஷினில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தபோது நடுவில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். ஹோண்டுராஸ் என்று ஒரு நாடு. அதன் தலைநகரம். என் நோட்டில் கோடு கோடாக ஆறு மெய்கள் வரிசையாக நின்றன, ஓர் உயிர் கிடையாது. டி, ஜி, எஸ், ஜி, எல், பி. வேகத்தில் பழைய வழக்கப்படி புள்ளிகளை விட்டிருந்தேன். அவர் சொன்ன ஓசையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். ஹவானா வந்தது, மாண்டிவிடியோ வந்தது, இந்த ஊர் வரவில்லை.

தெரியாததற்கு இடம் விட்டு அடிக்கலாம். ஆனால் சனிக்கிழமை, முதல் நீளக் கடிதம், நடுவில் ஓட்டை. கூடத்தின் கடிகாரத்தைப் பார்த்தேன். மானேஜர் அறைக்குள் போய்க் கேட்கலாமா என்று பாதி எழுந்தேன். உட்கார்ந்துவிட்டேன். ஆறுமுகத்தைக் கேட்கலாம், பக்கத்து மெஷினில்தான் இருந்தார். அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

அவர் மெஷின் சத்தம் நின்றது. என்னைத் திரும்பிப் பார்க்காமலே, தன் நோட்டை மேஜை மேல் என் பக்கமாக நகர்த்தி வைத்தார். அந்த ஊரின் கோடுகளைச் சுற்றிப் புள்ளியும் கீற்றுமாக ஒவ்வோர் உயிரும் அதனதன் இடத்தில் இருந்தது. டெகுசிகல்பா. ஈ, யூ, ஐ, ஏ, ஏ. அடித்து முடித்தேன்.

மானேஜர் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கேட்டு எழுதக் கற்றுக்கொண்டுவிட்டாய். திங்கட்கிழமையும் வா. அதற்கப்புறமும் வா" என்றார். அந்த ஓர் ஊரை நான் கேட்டு எழுதவில்லை, பார்த்து எழுதினேன் என்பதை அவரிடம் கடைசி வரை சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

மாலையில் வி.டி. வரை ஆறுமுகத்தோடு நடந்தேன். மறுநாள் மெட்ராஸ் மெயிலில் இரண்டு பேர்தான் போகப் போகிறார்கள் என்று சொன்னேன். சந்தோஷப்பட்டார். ஸ்டேஷன் வாசல் வந்ததும் கேட்டே விட்டேன்.

"நான் கேக்கவே இல்லையே. ஏன் குடுத்தேள்?"

"நீங்க கேக்க மாட்டீயன்னு தெரியும், அதான்" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "கேட்டு, இல்லேன்னு சொல்லிட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்லா."